ரேஷன் அரிசியில பிளாஸ்டிக்கா? நான் பரப்புன வீடியோவுக்கு நானே சொல்ற பதில்

(மார்க்கையன்கோட்டை பேரூர் வார்டு கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நீளமான பதிவுதான். முழுசாப் படிங்க, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் கிடையாது. நான் இன்ஜினியரிங் படிச்சவன். கட்சிக்குப் போஸ்டர் டிசைன் பண்றது, வீடியோ எடிட் பண்றது, வாட்ஸ்அப் குரூப்ல போடுறது, இதுதான் என் வேலை. அண்ணன்தான், "நீ செஞ்ச தப்பை நீயே மேடை ஏறிச் சொல்லு, அப்பத்தான் நாலு பேர் நம்புவாங்க"ன்னு ஏத்தி விட்டுட்டாரு. அதனால இன்னைக்கு நான் யாரையும் திட்டப் போறது இல்ல. திட்டுறதுன்னா முதல்ல என்னைத்தான் திட்டணும்.

2023-ல ஒரு நாள். எங்க அம்மா ரேஷன் அரிசியைச் சொளகுல போட்டுப் புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. "இங்க வாடா, இந்த அரிசியைப் பாரு, ஒரு தினுசா இருக்கு"ன்னாங்க. பாத்தேன். மத்த அரிசி எல்லாம் பளபளன்னு இருக்கு. நடுநடுவுல சிலது மட்டும் மங்கலா, சாக்பீஸ்ல செஞ்ச மாதிரி. தண்ணியில போட்டா அதுல சிலது மிதக்குது. நான் என்ன செஞ்சேன்? போனை எடுத்தேன், பத்து அரிசியை உள்ளங்கையில வச்சு வீடியோ எடுத்தேன். "மக்களே உஷார், ரேஷன் கடையில் பிளாஸ்டிக் அரிசி"ன்னு மேல பெருசா எழுதி, பின்னாடி ஒரு பயங்கரமான மியூசிக்கும் சேத்து, வார்டு குரூப்ல போட்டுட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள அது குச்சனூர் போயிருச்சு, சின்னமனூர் போயிருச்சு, கம்பம் வரைக்கும் போயிருச்சு. எனக்கு ஒரே பெருமை. நான் போட்ட எந்தப் போஸ்டரும் அவ்வளவு தூரம் போனது இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு எங்க தெரு அங்கன்வாடி அக்கா கூப்பிட்டு விட்டாங்க. போனேன். அவங்க கையிலயும் அதே அரிசி. "தம்பி, இது பிளாஸ்டிக் இல்லப்பா. சத்து ஏத்துன அரிசி. நீ போட்ட வீடியோவால ரெண்டு நாளா பிள்ளைகள இங்க சாப்பிட விடாமக் கூட்டிட்டுப் போறாங்க"ன்னாங்க. எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிருச்சு.

அதுக்கு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிச்சதை இன்னைக்கு உங்ககிட்ட சொல்றேன்.

அந்த மங்கலான அரிசி என்னன்னு முதல்ல பாப்போம். அதுவும் அரிசி மாவுதான். மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூணையும் கலந்து, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, மிஷின்ல அழுத்தி, அரிசி மாதிரியே சின்னச் சின்னதா வெட்டி, காய வைக்கிறாங்க. நாம முறுக்கு பிழியிறோம்ல, அந்த மாதிரி. என்ன, அச்சு மட்டும் அரிசி அச்சு. 100 கிலோ சாதா அரிசிக்கு இது 1 கிலோ கலந்தாங்க. 20 கிலோ வாங்குன வீட்டுல மொத்தமே 200 கிராம்தான் இந்த அரிசி இருந்திருக்கும். மாவுல செஞ்சதால மங்கலா இருக்கு. உள்ளுக்குள்ள காத்து இருக்கிறதால சிலது மிதக்குது. அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு சத்து கலக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு வச்சிருக்கு. ஒரு கிலோ அரிசிக்கு இரும்பு 28-ல இருந்து 42.5 மில்லிகிராம். ஃபோலிக் அமிலம் 75-ல இருந்து 125 மைக்ரோகிராம். பி12, 0.75-ல இருந்து 1.25 மைக்ரோகிராம். தமிழ்நாட்டுல முதல்ல 2020-ல திருச்சி மாவட்டத்துல சோதனையா ஆரம்பிச்சாங்க. 2021 சுதந்திர தின உரையில பிரதமர், அரசு திட்டங்கள்ல குடுக்குற அரிசி எல்லாமே 2024-க்குள்ள செறிவூட்டுன அரிசியா மாறும்னு அறிவிச்சாரு. அப்புறம்தான் படிப்படியா நம்ம ஊரு கடைக்கும் வந்துச்சு.

சரி, இப்ப ஒரு அம்மா எந்திரிச்சுக் கேக்கலாம்: "எங்க அப்பத்தா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? சத்தை அரிசிக்குள்ள ஏத்துறதுன்னா என்ன வேலை இது?"

நியாயமான கேள்விதான். ஆனா பதில் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. அப்பத்தா காலத்துலயே இருந்துச்சு. நம்ம புழுங்கல் அரிசிதான் அது.

நெல்லை ஊற வச்சு அவிக்கும்போது, தவிட்டுல இருக்கிற பி வைட்டமின் அரிசிக்குள்ள இறங்கிருது. அப்புறம் மில்லுல போட்டுத் தீட்டினாலும் அந்தச் சத்துல ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிருது. பச்சரிசியைத் தீட்டினா தவிட்டோட சத்தும் போயிரும்.

1890-கள்ல ஜாவா தீவுல எய்க்மான்னு ஒரு டச்சு டாக்டர் இருந்தாரு. அங்க பெரிபெரின்னு ஒரு நோய். கால் மரத்துப் போகும், நடக்க முடியாது, நெஞ்சு நின்னு செத்தும் போவாங்க. ஆஸ்பத்திரியில மிஞ்சுன வெள்ளை அரிசிச் சோத்தைத் தின்ன கோழிகளுக்கும் அதே மாதிரி கால் இழுத்துக்கிச்சு. தீட்டாத அரிசி போட்டதும் கோழி எல்லாம் எந்திரிச்சு நடக்குது. அந்த ஆராய்ச்சிக்காக 1929-ல அவருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க.

நம்ம பக்கமும் இதே கதைதான். பழைய சென்னை மாகாணத்துல, பச்சரிசியை மில்லுல தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள்ல பெரிபெரி இருந்துச்சு. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள்ல அது அவ்வளவா இல்ல. குன்னூர்ல அப்ப இருந்த சத்துணவு ஆராய்ச்சிக் கூடத்துல இதையெல்லாம் ஆராய்ஞ்சாங்க. அந்தக் கூடம்தான் 1958-ல ஹைதராபாத் போய், இன்னைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

அதனால சோத்துக்குள்ள சத்தை ஏத்துறது நமக்குப் புதுசு இல்ல சொந்தங்களே. அன்னைக்கு அடுப்புல வச்சு நம்ம கண்ணு முன்னாடி செஞ்சாங்க, நம்பினோம். இன்னைக்கு எங்கயோ ஃபேக்டரியில செய்றாங்க, யாரும் வந்து சொல்லல, நம்பல. இதுதான் வித்தியாசம்.

உப்புலயும் இதே கூத்துதான் நடந்துச்சு. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுன்னு 2006 மே மாசம் தடை வந்துச்சு. இன்னைக்கு அயோடின் உப்பு பாக்கெட் இல்லாத கடை இருக்கா? பழகிருச்சு. அரிசி மட்டும் இன்னும் பழகல.

ஏன் பழகல? நம்ம ஆளுகளுக்கு அறிவு இல்லாததாலயா? இல்ல. தன் பிள்ளை தட்டுல தெரியாத பொருள் விழுந்தா எந்தத் தாயும் அதை எடுத்து வெளிய போடத்தான் செய்வா. அது அறிவு. தப்பு யாரு பேர்லன்னா, சொல்லாம குடுத்தவங்க பேர்ல பாதி, என்னை மாதிரி தப்பாச் சொன்னவங்க பேர்ல மீதி. அரிசி மூட்டையிலயும் சுவத்துலயும் ஒரு சின்ன முத்திரை மட்டும் இருந்தாப் போதாது. கடையில ஒரு கிண்ணத்துல அந்த அரிசியைத் தனியா எடுத்து வச்சு, "ஆத்தா, இதுதான் அது, இதுல இன்னது இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வீடியோவுக்கு வேலையே இருந்திருக்காது.

பிளாஸ்டிக்கான்னு நீங்களே வீட்டுல பாக்கலாம். அந்த அரிசியைத் தனியாப் பொறுக்கி வேக வைங்க. அரிசி வெந்து மலரும், பிளாஸ்டிக் வேகாது. நெருப்புல காட்டுங்க. அரிசி கருகும், சோறு தீஞ்ச வாடை வரும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும், அந்த வாடையே வேற. "சோத்தை உருட்டிப் போட்டாப் பந்து மாதிரி துள்ளுது"ன்னு ஒரு வீடியோ சுத்துது. எந்தச் சோத்தை இறுக்கி உருட்டிப் போட்டாலும் துள்ளத்தான் செய்யும், அதுல இருக்கிற மாவுப்பசை அப்படி. 2017-லயே தெலங்கானா, ஆந்திரா பக்கம் இந்த பிளாஸ்டிக் அரிசிப் புரளி பெருசாக் கிளம்புச்சு. அதே பழைய புரளிதான் இப்ப புதுச் சட்டை போட்டு வந்திருக்கு. இன்னொண்ணு, பிளாஸ்டிக் விலை அரிசி விலையை விடக் கூடுதல். இலவசமாக் குடுக்குற அரிசியில அதைக் கொண்டுவந்து யாராவது கலப்பாங்களா?

அடுத்த சந்தேகம், "இது மரபணு மாத்துன அரிசியாமே?" இல்லைங்க. அது கோல்டன் ரைஸ்னு வேற ஒண்ணு. வைட்டமின் ஏ சத்துக்காக நெல்லோட மரபணுவையே மாத்தி விஞ்ஞானிகள் உருவாக்குனது, சோறு மஞ்சளா இருக்கும். பிலிப்பைன்ஸ்ல 2021-ல அனுமதி குடுத்தாங்க, 2024-ல அங்க கோர்ட்டு அந்த அனுமதியை ரத்து பண்ணிருச்சு. நம்ம ரேஷன் அரிசி அது இல்ல. இங்க நெல்லு அதே நெல்லுதான். முல்லைப் பெரியாறு தண்ணியில நம்ம பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையுதே, அந்த மாதிரி வயல்ல விளைஞ்ச நெல்லுதான். அரைச்ச பிறகு சத்து அரிசியைக் கலந்தாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "இந்த அரிசியைச் சாப்பிட்டா ரத்தசோகையே போயிரும்"னு அள்ளி விடுறவங்க. அதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2019-ல கொக்ரேன் அமைப்பு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்துச்சு. இரும்பு ஏத்துன அரிசியால ரத்தசோகை குறையிறதுல பெரிய வித்தியாசம் இல்லாம இருக்கலாம்னுதான் சொல்லுச்சு. கணக்குப் போட்டா நமக்கே புரியும். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா அதுல இருந்து வர்ற கூடுதல் இரும்பு 8-ல இருந்து 13 மில்லிகிராம் வரைக்கும்தான். பெண்களுக்கு ஒரு நாளைக்கு வேணும்னு சொல்றது 29 மில்லிகிராம். வர்றதுலயும் உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கும். அதனால இது ஊன்றுகோல்தான். நடக்க வேண்டியது நம்ம கால்தான்.

தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறவங்களுக்குன்னு முன்னாடி மூட்டையில ஒரு எச்சரிக்கை போடணும்னு விதி இருந்துச்சு. நிபுணர் குழு பாத்துட்டு, ஆபத்துக்கு ஆதாரம் இல்லைன்னு சொன்னதால 2024-ல அதை எடுத்துட்டாங்க. இருந்தாலும் அந்த நோய் இருக்கிற வீட்டுல உங்களைப் பாக்குற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கேக்குறதுல தப்பே இல்ல.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

என் வீடியோ சுத்துன நேரம், எங்க பெரியப்பா மகன் சம்சாரம், என் மதினி, ஆறு மாச கர்ப்பம். நர்ஸ் அக்கா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "எட்டுக்குக் கீழ இருக்கு, கவனமா இருக்கணும்"னு சொல்லி அனுப்புனாங்க. மதினி திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறவங்க. என் வீடியோவைப் பாத்துட்டு ரேஷன் அரிசியை வீட்டுக்குள்ளயே சேக்கல. "கொழுந்தன் படிச்ச பிள்ளை, அவரு பொய்யா சொல்லப் போறாரு"ன்னு, வாங்குன அரிசியைக் கோழிக்குப் போட்டுட்டுக் கடையில கிலோ 50 ரூபாய்க்கு அரிசி வாங்கியிருக்காங்க. 20 கிலோன்னா 1,000 ரூபா. அண்ணனும் மதினியும் கூலி. அந்தக் காசு எங்க இருந்து வரும்? முட்டையை நிறுத்தினாங்க, பாலை நிறுத்தினாங்க.

அந்த ரேஷன் அரிசி சாப்பிட்டிருந்தா மதினிக்கு ரத்தம் ஏறியிருக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு முட்டை 6 ரூபாய்னு வச்சாக் கூட, 1,000 ரூபாய்க்கு 160 முட்டைக்கு மேல வருது. வயித்துல பிள்ளையோட இருந்த ஒரு பொம்பளைகிட்ட இருந்து மாசம் 160 முட்டையைப் பிடுங்கினது நான். ஒரே ஒரு வீடியோவால.

கடைசியில ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தித்தான் பிரசவம் பாத்தாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. இன்னைக்கு இந்தக் கூட்டத்துல மூணாவது வரிசையில மதினி உக்காந்திருக்காங்க. எத்தனையோ தடவை தனியா மன்னிப்புக் கேட்டாச்சு. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேக்குறேன். மன்னிச்சிருங்க மதினி.

வீடியோவை அன்னைக்கே அழிச்சுட்டேன். ஆனா எட்டு மாசம் கழிச்சு, திருப்பூர்ல வேலை பாக்குற என் மாமா எனக்கே அதை அனுப்பி, "மாப்ள, உங்க பக்கம் ஜாக்கிரதை"ங்கிறாரு. என் உள்ளங்கை, என் குரல். மேல மட்டும் வேற ஊர் பேர். நாம அழிச்சாலும் அது அழியிறது இல்ல சொந்தங்களே.

இது மதினி ஒருத்தங்க கதையும் இல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ல 57.4 சதவீதம். இங்க உக்காந்திருக்கிற அக்காமார்கள்ல ரெண்டு பேருக்கு ஒருத்தர்னு வச்சுக்கோங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நாத்து நட்டுட்டு நிமிந்தா கண்ணு இருட்டுது, "அது வயசாச்சுல்ல"ன்னு விட்டுர்றீங்க. அது வயசு இல்லக்கா, ரத்தம் இல்ல.

நம்ம எல்லைக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. இங்க யாருக்கும் வேண்டாம்னு விக்கிற ரேஷன் அரிசியை அஞ்சுக்கும் பத்துக்கும் வாங்கி, குமுளி வழியா, கம்பம்மெட்டு வழியா, போடிமெட்டு வழியா கேரளாவுக்குக் கடத்துறாங்க. மாசத்துக்கு எத்தனை தடவை பேப்பர்ல படிக்கிறோம்! நம்ம பிள்ளைக்குன்னு வந்த சத்து மலை ஏறிப் போகுது. அதுல என் வீடியோவுக்கும் பங்கு இருக்கு.

அப்ப என்ன செய்யலாம்?

முதல்ல வீட்டுல. அந்த மங்கலான அரிசியைப் பொறுக்கி எறியாதீங்க. அரிசியை ரொம்ப நேரம் தேச்சுத் தேச்சுக் கழுவாதீங்க. வடிச்ச கஞ்சியைக் கொட்டாம உப்புப் போட்டுக் குடிங்க, அதுலயும் சத்து இறங்கியிருக்கும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க. மேகமலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு டீ குடிக்காதேன்னா கோபம் வரும், ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. டீ இரும்பை உடம்புல சேர விடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர வைக்கும்.

அரிசியில வைட்டமின் ஏ கிடையாது, மறந்துராதீங்க. வைட்டமின் ஏ எவ்வளவு முக்கியம்னா, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் ரஹ்மத்துல்லா தலைமையில திருச்சி மாவட்டத்துல 15,419 பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. வாரம் ஒரு தடவை கொஞ்சூண்டு வைட்டமின் ஏ குடுத்த பிள்ளைகள் மத்தியில சாவு 54 சதவீதம் குறைஞ்சுச்சு. 1990-ல அந்த முடிவு வெளிவந்துச்சு. நமக்கு அது எங்க இருக்கு? முருங்கைக் கீரையில இருக்கு. நாடு முழுக்க நடுற பி.கே.எம்-1 முருங்கை நம்ம பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில பிறந்தது. பி.கே.எம்.னாலே பெரியகுளம்தான். காயை மார்க்கெட்டுக்கு அனுப்புறோம், கீரையை ஆட்டுக்குப் போடுறோம். வாரம் ரெண்டு நாள் அந்தக் கீரை பிள்ளை தட்டுல விழணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்குற வைட்டமின் ஏ சொட்டு மருந்தையும் விடாமக் குடுங்க.

அடுத்து, கேக்க வேண்டியது. அரிசியில வண்டு இருந்தா, நாத்தம் அடிச்சா, அதைச் சகிச்சுக்கச் சொல்லல. அது வேற, இது வேற. கடையில எழுதிக் குடுங்க, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போடுங்க, நாங்க கூட வர்றோம். எல்லா ரேஷன் கடையிலயும் இந்த அரிசி என்னன்னு தமிழ்ல பெருசா ஒரு போர்டு வைக்கணும், ஊருக்குள்ள வந்து பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும்னு மனு தயாரா இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

கடைசியா நம்ம அணித் தம்பிமார்களுக்கு. நம்ம கையில குரூப் இருக்கு, ஆள் இருக்கு, வேகம் இருக்கு. சாப்பாடு, மருந்து, குழந்தை சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும், அங்கன்வாடி அக்காகிட்டயோ நர்ஸ் அக்காகிட்டயோ காட்டிட்டு அப்புறம் போடுங்க. பத்து நிமிசம் லேட் ஆகும், ஆகட்டும். எதிர்க்கட்சிக்காரனை அடிக்கப் போட்ட வீடியோ நம்ம வீட்டு அடுப்பை அணைச்ச கதையைத்தான் இப்ப கேட்டீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, அங்கன்வாடி பக்கத்துல, எல்லார் முன்னாடியும் ரேஷன் அரிசியை வேக வச்சுக் காட்டப் போறோம். எங்க அம்மா சமையல், தொட்டுக்க முருங்கைக் கீரைப் பொரியல். முதல் தட்டு எனக்கு, ரெண்டாவது தட்டு அண்ணனுக்கு. சந்தேகம் இருக்கிறவங்க கண்டிப்பா வாங்க, நல்லாக் கேள்வி கேளுங்க. இந்தத் தடவையும் வீடியோ எடுப்பேன். ஆனா மியூசிக் கிடையாது.



#ரேஷன்அரிசி #செறிவூட்டப்பட்டஅரிசி #சரிபார்த்துப்பகிர்வோம் #மார்க்கையன்கோட்டை #தேனி